வாபஸ் வாங்கப் போகும் மகனுக்கு

தம்பி என்றே ஆரம்பிக்கிறேன். ஊரெல்லாம் உன்னை எம்.எல்.ஏ. சார் என்கிறது. விழுப்புரத்தில் உன் வீட்டு வாசலில் மனுவோடு நிற்கிறவர்கள் மாண்புமிகு என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் விழுப்புரம் என்ன பெரிய தூரமா, நேரில் வந்து கேட்டிருக்கலாமே என்று நீ சொல்வாய். வந்தேன், கேட்டேன், நீ சிரித்தாய். போன் செய்தேன். நீ மீட்டிங்கில் இருப்பதாக உன் உதவியாளர் சொன்னார். பின்னாலிருந்து நீ யாரிடமோ சர்க்கரை கம்மியாகக் காபி கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. கவரில் போட்டு ஒட்டி அனுப்பினால் வந்து சேரவில்லை என்பாய். அதனால்தான் நம் பக்கத்து வாரப் பத்திரிகையில் கொடுத்து, எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். இப்படித் திறந்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் பேரவையில் விற்பனைக்கூடங்களைப் பற்றி ஒரு மசோதா வருகிறது. விவசாயி தன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையையும் நெல்லையும் மூட்டை கட்டி எடுத்து வந்து ஏலத்துக்கு விடுகிற கூடங்கள். அந்த மசோதாவில் ஒரு பிரிவு, மழைக்காலத்தில் விவசாயியின் மூட்டைகளுக்குக் கூரையுள்ள இடம் ‘அளிக்கலாம்’ என்கிறது. அதை ‘அளிக்க வேண்டும்’ என்று மாற்றச் சொல்லி நீ ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஒரே ஒரு சொல். அதற்காகக் கண்டாச்சிபுரத்தில் உனக்கு மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். நீயும் கைகூப்பிக்கொண்டே நின்றாய். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது எவ்வளவு நாள் நிலைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சொல்லை உனக்குத் தந்தது அஞ்சலை. நான் தேர்தலில் நின்ற காலத்தில் என்னோடு தெருத் தெருவாக அலைந்தவள், கண்டாச்சிபுரம் பக்கத்தில் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவள். போன மழையில் மல்லாட்டை மூட்டைகளோடு ஒரு விற்பனைக்கூடத்துக்குப் போனாள். எந்த ஊர்க் கூடம் என்று எழுதவில்லை. எழுதினால் என்மேல் வழக்குப் போடவும் ஆள் இருக்கிறது. கொட்டகை முழுக்க வியாபாரிகள் வாங்கி அடுக்கிய மூட்டைகள். இவள் மூட்டைகள் வெட்டவெளியில். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் உன்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “மூட்ட நனைஞ்சிக்கினு இருக்குது தம்பி, ஜல்தியா ஷெட்டுல எடம் குடுங்க சார்னு கெஞ்சறேன். அந்த ஆளு பேப்பரு பார்த்துக்கினே, ‘குடுக்கலாம்மா, ரூல்ல எடம் இருக்குது, ஆனா குடுத்தே ஆவணும்னு இல்ல’ன்றாரு. நான் தார்ப்பாய்க்கு ஓடிக்கினு இருக்கறேன், அவரு எனக்கு ரூலு சொல்றாரு.” மூட்டையைப் பிரித்தபோது பருப்பு முளை கட்டியிருந்தது. அந்த மூட்டைகளை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் அழவில்லை, திட்டினாள். நீதான் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “இதை நான் விட மாட்டேங்க” என்றாய். அவள் அதை நம்பினாள். இப்போதும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இனி திருத்தத்தின் கதையைச் சொல்கிறேன். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டால் திருத்தம் வந்துவிட்டது என்று நம் சனம் நினைக்கிறது. எழுதிக் கொடுப்பது வெறும் அறிவிப்பு. அந்தப் பிரிவு வரும்போது பேரவைத் தலைவர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நீ எழுந்து ‘முன்மொழிகிறேன்’ என்று சொன்னால்தான் அதற்கு உயிர். அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தாலும் சரி, கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருந்தாலும் சரி, திருத்தம் பிறக்காமலே போய்விடும். நான் உறுப்பினராக இருந்த காலத்தில் சிலர் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள். அவர்கள் வயிற்றில் எனக்கு அப்போதே நம்பிக்கை கிடையாது. எழுந்து முன்மொழிந்தவர்களுக்கு அடுத்த கட்டம் இருக்கிறது. அமைச்சர் எழுந்து, “உறுப்பினர் அவர்களின் நல்லெண்ணத்தைப் பாராட்டுகிறேன். அவர் கூறிய கருத்து கனிவுடன் பரிசீலிக்கப்படும். எனவே தமது திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்” என்பார். யார் ஆட்சியிலும் இந்த வாக்கியம் மாறி நான் கேட்டதில்லை. பாராட்டு, கனிவு, அன்பு என்று ஒரே மூச்சில் வந்தால் எனக்கு உடனே உடம்பு விறைத்துக்கொள்ளும். உறுப்பினர் எழுந்து, அமைச்சரின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெறுகிறேன் என்பார். மேசை தட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் உறுதிமொழி கொட்டை எழுத்தில் வரும், வாபஸ் வாங்கியது எங்காவது ஓரத்தில் வரும், வராமலும் போகும்.

நான் ஒருமுறை வாபஸ் வாங்க மாட்டேன் என்று நின்றேன். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். ஒரு மசோதாவில் கிராமத்து மருத்துவ முகாமுக்கு ‘மருத்துவர் அல்லது செவிலியர்’ வர வேண்டும் என்று இருந்தது. ‘மருத்துவரும் செவிலியரும்’ என்று மாற்றக் கேட்டேன். ‘அல்லது’ என்று எழுதினால் இருவரில் சம்பளம் குறைந்தவர்தான் எப்போதும் வருவார் என்று எனக்குச் சந்தேகம். அமைச்சர் பாராட்டினார், கனிவு காட்டினார், அன்புடன் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. “உக்காருங்கம்மா, பேஜாரு பண்ணாதீங்க, மேலேர்ந்து போன் வரும்” என்றார். வாக்குக்கு விட்டார்கள். ‘இல்லை’ என்று அவையே அலறியது. எண்ணிக் கணியுங்கள் என்று கேட்டேன். பேரவைத் தலைவர் சலித்துக்கொண்டே வரிசை வரிசையாக எழுந்து நிற்கச் சொன்னார். ஆதரவு என்று கேட்டபோது நான் ஒருத்திதான் எழுந்து நின்றேன். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எழவில்லை; என் திருத்தம் ஜெயித்தால் எனக்குப் பெயர் வந்துவிடும் என்று அவர்களுக்குக் கவலை. அன்று ஊருக்கு வந்து இறங்கினேன். உன் அப்பா ஸ்கூட்டரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். “என்னா, வாபஸ் வாங்கினியா?” என்றார். இல்லை என்றேன். “அப்போ சீட்டு வாபஸ்தான், ஏறு” என்றார். அவர் சொன்னபடியே அடுத்த தேர்தலில் கட்சி எனக்குச் சீட்டு கொடுக்கவில்லை. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. திரும்பவும் அந்த இடத்தில் நிறுத்தினால் திரும்பவும் அதையேதான் செய்வேன்.

என் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற அதே கட்சி, கூட்டணியில் கிடைத்த சில இடங்களில் ஒன்றை உனக்குக் கொடுத்தது. அன்றே எனக்குச் சந்தேகம். அம்மா மாதிரி இல்லை, பையன் நல்ல மாதிரி என்று யாரோ சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். நீ நல்ல மாதிரிதான். சின்ன வயதில் பெருமுக்கல் மலைக்குக் கூட்டிப் போனோம், நினைவிருக்கிறதா? பாதி வழியில் வெயில் தாங்காமல் உன் அப்பா இறங்கிவிடலாம் என்றார். நான் கோயில் வரை ஏறியே ஆக வேண்டும் என்றேன். நீ அவரிடமும் சரி என்றாய், என்னிடமும் சரி என்றாய், அங்கேயே ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் புளிசோறு சாப்பிட ஆரம்பித்துவிட்டாய். நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், நீ மட்டும் நிம்மதியாக இருந்தாய். எவ்வளவு சமர்த்து என்று உன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் வீட்டில் சாப்பாடு. அமைச்சரின் உதவியாளர் என்று ஒருவர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய ஸ்வீட் பாக்ஸ். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினீர்கள். அடுத்த நொடி கிரிக்கெட்டைப் பற்றி ஆரம்பித்தீர்கள். உனக்குக் கிரிக்கெட் பிடிக்காது தம்பி. அந்த மனுஷன் என்னைப் பார்த்து, “தம்பி பெரிய ஆளா வருவாருங்கம்மா. எதுல நிக்கணும், எதுல உக்காரணும்னு இந்த வயசுலேயே தெரிஞ்சி வச்சிக்கினு இருக்காரு” என்றார். எதில் உட்கார்ந்தான் என்று கேட்டேன். அவர் ரசத்தைப் பாராட்டினார். ரசம் உப்பு கம்மியாக இருந்தது. உப்பில்லாத ரசத்தைப் பாராட்டுகிறவர் எதற்கு வந்திருப்பார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் போனதும் உன்னிடம் நேராகக் கேட்டேன்: திருத்தத்தை வாபஸ் வாங்கப் போகிறாயா? “பார்த்துக்கலாம்மா” என்று சிரித்தாய். மசோதாவில் இருக்கிற ‘லாம்’ ஒரு பக்கம் இருக்கட்டும், உன் வாயில் இருக்கிற ‘லாம்’தான் எனக்குப் பயமாக இருந்தது.

பயம் வேறு, சந்தேகம் வேறு, தெரிந்துபோவது வேறு. தெரிந்தது திண்டிவனத்தில், நம் தெரு முனையில் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடையில். நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் கூப்பிட்டார். “அம்மா, தம்பி போட்டோ பழசா இருக்குதுங்க, மீசை இல்லாம கீறாரு. மீசை வச்ச போட்டோ ஒண்ணு வாட்ஸப்புல போடுங்களேன். ஜல்தியா பிரிண்டு போடணும், முகூர்த்த நாளு வர்றதால மெஷினு காலியே இல்ல.” என்ன ஃப்ளெக்ஸ் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் அமைச்சர், ஒரு பக்கம் நீ, நடுவில் ஒரு நெல் கதிர். மல்லாட்டைக்கு நெல் கதிர்! கீழே பெரிதாக: ‘எங்கள் எம்.எல்.ஏ.வின் கோரிக்கையை ஏற்றுப் பேரவையில் உறுதிமொழி அளித்த மாண்புமிகு அமைச்சருக்குக் கோடானுகோடி நன்றி.’ மசோதா இன்னும் அவைக்கே வரவில்லை. அமைச்சர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் அளிக்கப் போகிற உறுதிமொழிக்கு இங்கே நன்றி தயார். கல்யாண வீட்டுக்காரர்கள் மெஷினைப் பிடித்துக்கொள்வார்களே என்று உன் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊரில் எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தான். நான் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி. கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார். மீசை வைத்த போட்டோவை நான் அனுப்பவில்லை.

உன் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பாய். அன்று சாயங்காலம் ஒருவழியாகப் போனில் கிடைத்தாய். ஃப்ளெக்ஸைப் பற்றிக் கேட்டேன். நீ சொன்னாய்: “ஓட்டுக்கு விட்டா தோத்துடும்மா. உனக்குத் தெரியாதா? நீ நின்னியே, என்ன கெடச்சிது? வாபஸ் வாங்கினா ஒரு உறுதிமொழியாவது கெடைக்கும். ரெண்டு கூடத்துக்கு ஷெட்டு போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு.” இதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உன் திருத்தம் தோற்கும் என்பது எனக்கும் தெரியும். ஷெட்டு வந்தாலும் வரும். ஆனால் ஷெட்டில் யார் மூட்டையை வைப்பது? ஏற்கெனவே ஷெட்டு இருந்தது, அதில் வியாபாரிகளின் மூட்டை இருந்தது. அஞ்சலை கேட்டது ஷெட்டை இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாத ஒரு சொல்லைக் கேட்டாள். அதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? வாங்கிக்கொள்வதாக இருந்தால் அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாலையை வாங்கிக்கொண்டாய். நேற்று அவள் வந்திருந்தாள். “அக்கா, தம்பி எழுதிக் குடுத்தது பாஸாயிடுமில்ல? இந்த வாட்டி தார்ப்பா வாங்காம வுட்டுடவா?” என்று கேட்டாள். எதற்கும் வாங்கி வை என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உன்மேல் கொள்ளை ஆசை. நீ ஜெயித்த அன்று பூஜை அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் நான். ஆனால் ஆசை இருப்பதாலேயே நம்பிக்கையும் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. விதி என்றதும் ஞாபகம் வருகிறது. கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

முன்மொழிந்த திருத்தம் உன்னுடையது இல்லை. எழுந்து ‘முன்மொழிகிறேன்’ என்று சொன்ன நொடியிலிருந்து அது அவையின் சொத்து. உனக்கு வேண்டாம் என்றாலும் நீயாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. அவையின் அனுமதியோடுதான் திரும்பப் பெற வேண்டும். அதனால்தான் பேரவைத் தலைவர், திரும்பப் பெற அவை அனுமதிக்கிறதா என்று கேட்கிறார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், பாதிப்பேர் கேட்டிருக்கவே மாட்டார்கள். அனுமதியுடன் திரும்பப் பெறப்பட்டது என்று அவர் அடுத்ததற்குப் போய்விடுவார். அங்கே யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த இடத்தில் ஒரே ஓர் உறுப்பினர், ஒரே ஒருவர், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்து ‘இல்லை’ என்று குரல் கொடுத்தால் போதும். அனுமதி கிடையாது. திருத்தத்தைத் திரும்பப் பெற முடியாது. பேரவைத் தலைவர் அதை வாக்குக்கு விட்டே ஆக வேண்டும். அந்த ‘இல்லை’யை யாரும் சொல்வதில்லை, இன்றைக்கு நீ என்னை விடு, நாளைக்கு நான் உன்னை விடுகிறேன் என்று எல்லாக் கட்சிக்கும் ஒரு பேச்சில்லாத ஒப்பந்தம். இப்போது இந்தப் பத்திரிகையைப் படிக்கிற எல்லாருக்கும் அந்த விதி தெரிந்துவிட்டது. நான் அதோடு நிற்கவில்லை. உறுப்பினர் ஒருவரிடம் பேசிவிட்டேன். உன் கட்சியா, எதிர்க்கட்சியா, ஆணா, பெண்ணா, எதையும் சொல்ல மாட்டேன். நீ திரும்பப் பெறுகிறேன் என்றதும் அவர் ‘இல்லை’ என்பார். அடுத்த வாரம் முழுக்க நீ அவையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சந்தேகப்படு. நான் கொஞ்ச நாளாக உன் முகத்தைப் பார்த்துப் பட்ட பாடு உனக்குப் புரியட்டும்.

முன்மொழியாமலே நழுவிவிடலாம் என்று இப்போது உனக்குத் தோன்றும். முடியாது. முன்மொழியாவிட்டால் அமைச்சர் எதற்கு உறுதிமொழி தருவார்? உறுதிமொழி இல்லாவிட்டால் அச்சடித்த நன்றியை எங்கே கட்டுவாய்? நீ எழுந்துதான் ஆக வேண்டும். அமைச்சர் பாராட்டுவார். நீ திரும்பப் பெறுகிறேன் என்பாய். எங்கிருந்தோ ஒரு ‘இல்லை’ வரும். அமைச்சர் திரும்பிப் பார்ப்பார், உன்னையும் பார்ப்பார். பேரவைத் தலைவர் உன் திருத்தத்தை, உன் பெயரைச் சொல்லி, வாக்குக்கு விடுவார். ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க என்பார். வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று பார்ப்பாய். கட்சிக் கொறடா பக்கத்திலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீ உன் திருத்தத்துக்கே ‘இல்லை’ சொல்ல வேண்டியிருக்கும். அல்லது ‘ஆம்’ சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் என்ன ஆகும் என்பது உன் அம்மாவைப் பார்த்தே உனக்குத் தெரியும்.

நீ எதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்தவளுக்கே தெரியவில்லை. அதனால் நேரிலேயே வருகிறேன். பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கியாயிற்று. யார் வாங்கித் தந்தது என்று கேட்காதே. அஞ்சலையும் வருகிறாள். அங்கே சத்தம் போடக் கூடாது, கை காட்டக் கூடாது, நாங்கள் எதுவும் செய்ய மாட்டோம். குரல் வாக்கெடுப்புதானே, அத்தனை பேர் ஒன்றாகக் கத்துகிற இடத்தில் யார் என்ன சொன்னார் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று மட்டும் நினைத்துவிடாதே. எந்தக் கூட்டத்திலும் உன் குரல் எனக்குத் தெரியும்.

அம்மா